கேட்டது ஒன்று, வாசித்தது வேறொன்று

1976 ஜூன் 4 அன்று இரவு, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹால் என்ற அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற ராக் குழு வாசித்தது. வந்தவர்கள் 50 பேர்கூடத் தேறவில்லை என்பதுதான் பெரும்பாலானோர் சொல்லும் கணக்கு. (பின்னாளில் "நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன்" என்று சொன்னவர்களை எல்லாம் உட்கார வைத்தால் அரங்கு தாங்காது.) நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த ஹோவர்ட் டெவோட்டோவும் பீட் ஷெல்லியும் அந்தக் குழுவின் ரசிகர்கள். தங்கள் பஸ்காக்ஸ் குழுவையும் அதே மேடையில் ஏற்றிவிட வேண்டும் என்று நினைத்திருந்தார்கள். குழு தயாராகவில்லை. ஆறு வாரம் கழித்து அதே இடத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியில்தான் அது கைகூடியது.

அந்த முதல் இரவுக் கூட்டத்தில் பீட்டர் ஹுக், பெர்னார்ட் சம்னர் என்று பள்ளியில் ஒன்றாகப் படித்த இரண்டு பேர் இருந்தார்கள். மார்க் ஈ. ஸ்மித் இருந்தார். மோரிஸ்ஸி இருந்தார். ஹுக் மறுநாளே போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். அவரும் சம்னரும் ஜாய் டிவிஷன் குழுவைத் தொடங்கி, பிறகு நியூ ஆர்டராக மாறினார்கள். ஸ்மித் தி ஃபால் குழுவை ஆரம்பித்தார். மோரிஸ்ஸி சில ஆண்டுகள் கழித்து தி ஸ்மித்ஸ் குழுவின் பாடகரானார்.

இந்தக் கதையை ராக் இசை பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் பிடிபடாமல் இருந்தது வேறொரு விஷயம். மேலே சொன்ன குழுக்களில் ஒன்றுகூட செக்ஸ் பிஸ்டல்ஸ் மாதிரி ஒலிக்காது. ஜாய் டிவிஷன் இருண்டது, மெதுவானது, இடைவெளிகள் நிறைந்தது. தி ஸ்மித்ஸ் இசையில் கிட்டார் தண்ணீர் மாதிரி ஓடும். ஒரே நெருப்பில் கொளுத்திய விளக்குகள் இப்படி வேறு வேறு நிறத்தில் எரிவானேன்?

அன்றைய வாசிப்பு படு மோசம் என்று ஹுக்கே பல முறை சொல்லியிருக்கிறார். அவரைக் கிளப்பிவிட்டதும் அதுதான். இவ்வளவு மோசமாக வாசித்தும் இவர்களால் மேடையில் நிற்க முடிகிறதென்றால் நம்மாலும் முடியும் என்ற எண்ணம். திறமையைக் கண்டு வாய்பிளப்பவன் பெரும்பாலும் வாய்பிளந்தபடியே வீட்டுக்குப் போய்விடுகிறான். எப்படிச் செய்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டவனுக்குத்தான் கை அரிக்கிறது.

இதற்கு இன்னொரு சாட்சி வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற ராக் குழு. அவர்களுடைய முதல் இசைத்தொகுப்பு 1967-இல் வந்து சரியாக விற்கவில்லை. அதை வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் வாங்கிய ஒவ்வொருவரும் ஒரு குழுவைத் தொடங்கிவிட்டார்கள் என்ற பொருளில் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1982-இல் ஒரு பேட்டியில் சொன்னார். மிகைதான். இருந்தாலும் இந்த விஷயத்தில் விற்பனை எண் ஒன்றுக்கும் உதவாது என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

சரி, அப்படியானால் பெரிய குழுக்கள் யாரையும் கிளப்பவில்லையா? கிளப்பின. 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் ஷோ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் பாடியதை அமெரிக்காவில் சுமார் 7.3 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த இரவுதான் தங்களை இசைக்காரர்களாக்கியது என்று டாம் பெட்டியும் பில்லி ஜோயலும் சொல்லியிருக்கிறார்கள். 50 பேர் பார்த்த மோசமான நிகழ்ச்சியும் ஏழு கோடிப் பேர் பார்த்த அருமையான நிகழ்ச்சியும் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன என்றால் இரண்டுக்கும் பொதுவாக ஏதோ இருக்க வேண்டும். அது ராக் குழு என்ற அமைப்பேதான் என்பது என் கணிப்பு. பெரிய வாத்தியக் கோஷ்டிக்கு முன்னால் தனியாக நின்று பாடும் நட்சத்திரத்தைப் பார்த்தால், அவர் குரல் நமக்கு இல்லை என்பதோடு விஷயம் முடிந்துவிடும். நான்கு நண்பர்கள், ஆளுக்கொரு வாத்தியம், பாட்டும் அவர்களே எழுதியது என்றால் அந்த உருவத்தைப் பிரித்துப் பார்க்க முடிகிறது. பேஸை மட்டும் காதால் பின்தொடரலாம். டிரம்ஸை மட்டும் தொடையில் தட்டிப் பார்க்கலாம். பாடவே வராதவனுக்கும் அந்த நான்கு இடங்களில் ஓர் இடம் காலியாகத் தெரிகிறது.

பங்க் (செக்ஸ் பிஸ்டல்ஸ் வாசித்த முரட்டு ராக் பாணி) ரசிகர்கள் இதை ஒரு கிறுக்கலாகவே வரைந்து காட்டினார்கள். 1977-இன் தொடக்கத்தில் சைட்பர்ன்ஸ் என்ற ரசிகர் பத்திரிகையில் கிட்டார் கழுத்தின் படம் மூன்று வந்தது. இது ஒரு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு), இது இன்னொன்று, இது மூன்றாவது, போய் ஒரு குழுவைத் தொடங்கு என்று அதன் பக்கத்தில் எழுதியிருந்தது. முழுப் பாடத்திட்டமும் அவ்வளவுதான். அதற்குச் சில மாதம் முன்பு, 1976 ஜூலையில், லண்டனில் வங்கி குமாஸ்தாவாக இருந்த மார்க் பெர்ரி, ரமோன்ஸ் குழு மேல் இருந்த பைத்தியத்தில் ஸ்னிஃபின் க்ளூ என்ற பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். பெயரே ரமோன்ஸ் பாட்டிலிருந்து எடுத்தது. தட்டச்சில் அடித்து, தலைப்புகளைத் தடித்த பேனாவால் கையால் எழுதி, ஜெராக்ஸ் போட்டு விற்றார். ஒரு வருடத்துக்குள் அவரிடமே ஒரு குழு இருந்தது. பிடித்த குழுவைப் பற்றி எழுத ஆரம்பிப்பவர் ஒரு கட்டத்தில் எழுதுவது போதாது என்று எழுந்துவிடுகிறார். அந்தப் பத்திரிகையின் வெட்டி ஒட்டிய தோற்றமும் அப்புறம் தனியாக ஒரு பாணியாகி, நோட்டீஸ்களுக்கும் இசைத்தட்டு உறைகளுக்கும் போனது.

கிளம்பியாயிற்று. அடுத்தது என்ன? காப்பி அடிப்பது.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ராக் இசைக்காரர்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று இங்கிலாந்தில் லூசி கிரீன் என்ற ஆய்வாளர் 15 வயது முதல் 50 வயது வரையுள்ள 14 பேரிடம் விசாரித்தார். அவர் கண்ட முக்கியமான வழி ஒன்றுதான். பிடித்த பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கேட்டதைக் கையில் கொண்டுவருவது. அந்தக் காலத்தில் ஊசியைத் தூக்கி மறுபடி அதே வரியில் வைப்பார்கள். வேகமான வாசிப்பு பிடிபடாவிட்டால் 33 சுற்றுத் தட்டை 16 சுற்றில் ஓடவிடுவார்கள். வேகம் பாதியாகும், சுருதி சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கும், சுரங்கள் அதே சுரங்களாகவே இருக்கும். இப்போது சுருதி இறங்காமலே வேகத்தை மட்டும் குறைக்கச் செயலிகள் இருக்கின்றன. வேலை சுலபமாகிவிட்டது, காது கொஞ்சம் சோம்பேறியாகிவிட்டது என்று பழைய ஆட்கள் முணுமுணுப்பார்கள்.

காதால் ஒரு பாட்டை எடுக்கும்போது சுரங்களோடு வேறு சிலவும் கூடவே வந்துவிடுகின்றன. சும்மா கேட்கிறவனுக்குப் பல்லவி வந்ததும் உடம்பு சிலிர்க்கும், அவ்வளவுதான். எடுத்து வாசிக்கிறவனுக்கு ஏன் சிலிர்க்கிறது என்று தெரிந்துவிடும். சரணத்தில் கிட்டார் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கும். பேஸ் ஒரே சுரத்தில் நின்றிருக்கும். பல்லவியில் எல்லாரும் ஒன்றாக இறங்குவதால்தான் அது பெரிதாகக் கேட்கிறது. ஒலியைக் கூட்டுவதைவிட, அதற்கு முன்னால் குறைத்து வைப்பதுதான் வித்தை. எந்த வகுப்பிலும் உட்காராமல் ஒரு ரசிகர் இசையமைப்பின் பாடத்தை வாங்கிக்கொள்வது இப்படித்தான்.

பீட்டில்ஸும் இந்த வழியாக வந்தவர்களே. பெயரே, பட்டி ஹாலியின் கிரிக்கெட்ஸ் குழுவைப் பார்த்து ஒரு பூச்சியின் பெயரைத் தேடிப் பிடித்தது. 1958-இல், குவாரிமென் என்ற பெயரில் இருந்தபோது, லிவர்பூலில் ஒரு வீட்டு ஸ்டூடியோவில் காசு கொடுத்து ஒரே ஒரு இசைத்தட்டு பதிந்துகொண்டார்கள். ஒரு பக்கம் பட்டி ஹாலியின் பாட்டு. மறுபக்கம் மெக்கார்ட்னியும் ஹாரிசனும் சொந்தமாக எழுதியது. அந்தச் சொந்தப் பாட்டும் ஒரு எல்விஸ் பாட்டின் சாயலில் செய்ததுதான் என்று மெக்கார்ட்னியே பிறகு சொன்னார். ஒரு பக்கம் காப்பி, மறுபக்கம் காப்பியிலிருந்து வெளியே வைத்த முதல் அடி. இருந்த ஒரே தட்டை ஆளுக்குச் சில நாள் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். ஐந்து வருடம் கழித்து வந்த அவர்களுடைய முதல் தொகுப்பில் 14 பாட்டு. அதில்கூட ஆறு மற்றவர்களுடையது.

ஆனால் காப்பி மட்டும் போதுமென்றால் மான்செஸ்டரில் பத்து செக்ஸ் பிஸ்டல்ஸ் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. காரணம், காப்பி சரியாக வராததுதான். ஈயடிச்சான் காப்பி என்று நாம் கிண்டலாகச் சொல்வதைச் செய்வதற்கு அசாத்தியத் திறமை வேண்டும். அது இல்லாதவன் பிசகுகிறான். பிசகிய இடத்தில் அவன் கை, அவன் குரல், அவன் வீட்டில் இருந்த மட்டமான கிட்டார் எல்லாம் உள்ளே வந்துவிடுகின்றன.

இதற்கு பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார்காரர் டோனி ஐயோமியை விட்டால் வேறு உதாரணம் தேட வேண்டாம். பர்மிங்ஹாமில் உலோகத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தபோது, 17 வயதில், இயந்திரத்தில் மாட்டி அவருடைய வலது கையின் நடு விரலும் மோதிர விரலும் நுனி போயின. அவர் இடது கைக்காரர். அதாவது தந்தியை அழுத்தும் கை அது. இனி கிட்டார் இல்லை என்று உட்கார்ந்திருந்தவரிடம் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகு மீதி விரல்களால் அப்படி வாசித்தவர் அவர். ஐயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் நுனிக்குக் குப்பி செய்து, அதன் மேல் தோல் ஒட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். கனமான தந்தியை அழுத்த முடியவில்லை. மெல்லிய தந்தி தேடி பாஞ்சோ தந்திகளைப் போட்டார். பிளாக் சப்பாத்தின் மூன்றாவது தொகுப்பில், 1971-இல், தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் மூன்று அரைச்சுரம் இறக்கினார். அந்த இருண்ட, தொங்கிய ஒலியைக் கேட்டு மயங்கிய ரசிகர்கள் பத்து விரலும் பத்திரமாக இருக்கத் தங்கள் கிட்டார்களைத் தளர்த்தினார்கள். ஐயோமியின் வாசிப்பு ஜாங்கோ மாதிரி ஒரு நொடிகூட இருக்காது. அவருக்கு ஜாங்கோவிடமிருந்து வந்தது முடியும் என்ற செய்திதான். அவருடைய ரசிகர்களுக்கு வந்ததோ அவருடைய காயத்தின் ஒலி.

பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெகுவின் கதை கொஞ்சம் கலகலப்பானது. 1964-இல் பீட்டில்ஸ் நடித்த படத்தைத் திரையரங்கில் பார்த்தபோது ஜார்ஜ் ஹாரிசன் கையில் ரிக்கன்பேக்கர் 12 தந்தி கிட்டாரைக் கவனித்தார். தானும் ஒன்று வாங்கினார். ஆனால் அவர் பழகிய கை நாட்டுப்புறப் பாட்டுக்கு பாஞ்சோ வாசித்த கை. அந்த விரலோட்டத்தை அப்படியே மின்சாரக் கிட்டாருக்குக் கொண்டுபோனார். வந்தது பீட்டில்ஸ் ஒலி அல்ல, மணிகள் ஒன்றன்மேல் ஒன்று உரசுவது போன்ற புது ஒலி. 1965-இல் அதை ஹாரிசன் கேட்டார், அவருக்குப் பிடித்துப்போயிற்று. அதே வருடம் தன் பாட்டு ஒன்றில் மெகுவினின் ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை)த் தழுவி, எடுத்தது உங்களிடமிருந்துதான் என்று அவர்களுக்குச் சொல்லியும் அனுப்பினார். ஒன்றரை வருடத்துக்குள் குரு சிஷ்யனிடம் பாடம் கேட்டாயிற்று.

பிசகு வருவதற்கு இன்னொரு வழியும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று குழுக்களைக் காதலிப்பது. நிர்வாணா குழுவின் மிகப் பெரிய பாட்டை எழுதும்போது, தான் அப்பட்டமாக பிக்ஸிஸ் குழுவைக் காப்பி அடிக்கப் பார்த்ததாக கர்ட் கோபேன் 1994 தொடக்கத்தில் வந்த ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். அடங்கிய சரணம், வெடிக்கும் பல்லவி என்ற அமைப்பு அங்கிருந்து வந்தது. அதே பாட்டின் தொடக்கத்தில் கேட்கும் டிரம்ஸ் அடிகளைப் பழைய ஃபங்க், டிஸ்கோ குழுக்களிடமிருந்து எடுத்ததாக அந்தக் குழுவின் டிரம்ஸ்காரர் டேவ் கிரோல் பல வருடம் கழித்துச் சொன்னார். கோபேனுக்கோ பீட்டில்ஸ் மெட்டுகள் மேல் உயிர். பிக்ஸிஸின் எலும்பு, டிஸ்கோவின் நடை, பீட்டில்ஸ் வாசம் அடிக்கும் மெட்டு. மூன்று காப்பிகள் ஒரே அறையில் மோதிக்கொண்டால் எதுவும் காப்பியாக மிஞ்சுவதில்லை. ஒரே ஒரு குழுவை மட்டும் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கும் ரசிகருக்கு நான் சொல்லக்கூடிய ஒரே யோசனை இதுதான்: கூடவே அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொன்றையும் காதலியுங்கள்.

நம் பழைய இலக்கணக்காரர்கள் முதல்நூல், வழிநூல் என்று பிரித்தபோது, பின்னால் வருகிறவர் தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் சொல்ல வேண்டும் என்று வழிநூலுக்கு நிபந்தனை போட்டார்கள். வழிநூல் எழுதுவதை இழுக்காக அவர்கள் நினைக்கவில்லை. ராக் இசையில் முதல்நூல் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் யாராலும் முடியாது. தோண்டத் தோண்ட இன்னொரு ரசிகர்தான் கிடைப்பார்.

இதுவரை இசை. கையில் வாத்தியம் எடுக்காத ரசிகர்கள் எண்ணிக்கையில் அதிகம். அவர்களில் பலர் வரைகிறார்கள், தைக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். இசை கேட்டுப் படம் வரைவது ஒருவிதத்தில் பாட்டை எடுப்பதைவிடச் சுதந்திரமான வேலை. ஒப்பிட்டுப் பார்த்துத் தப்பு சொல்ல மூலம் என்று ஒன்று இல்லை.

1960-இல் ஹாம்பர்க் நகரத்தில் கிளாவுஸ் ஃபோர்மான் என்ற இளம் ஓவியர், காதலியோடு சண்டை போட்டுவிட்டுத் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நிலவறை விடுதியிலிருந்து வந்த சத்தம் கேட்டு உள்ளே போனார். அங்கே வாசித்துக்கொண்டிருந்த குழுக்களில் பீட்டில்ஸும் ஒன்று. அப்போது அவர்களை யாருக்கும் தெரியாது. அடுத்த முறை போகும்போது அந்தக் காதலி ஆஸ்ட்ரிட் கிர்ஹெரையும் கூட்டிக்கொண்டு போனார். ஆஸ்ட்ரிட் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் பீட்டில்ஸுக்கு முதலில் ஒரு முகத்தைக் கொடுத்தவை. ஃபோர்மான் 1966-இல் அவர்களுடைய ரிவால்வர் தொகுப்புக்குக் கோட்டோவியமும் வெட்டி ஒட்டிய புகைப்படங்களும் கலந்த உறையை வரைந்து கிராமி விருது வாங்கினார். அத்தோடு நிற்கவில்லை. பேஸ் கிட்டார் பழகி, லென்னனும் ஹாரிசனும் தனியாகப் போட்ட தொகுப்புகளில் வாசித்தார். சத்தம் கேட்டு உள்ளே போனவர் கடைசியில் அந்தச் சத்தத்துக்குள்ளேயே குடியேறிவிட்டார்.

எல்லாக் குழுவும் ஒரே அளவுக்கு ஓவியத்தைத் தூண்டுவதில்லை. ரசிகர்கள் கைவைக்க எந்த உருவம் இடம் கொடுக்கிறது என்று பார்த்தால் காரணம் ஓரளவு விளங்கும். அயர்ன் மெய்டன் குழுவின் எட்டி என்ற பிண உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டெரிக் ரிக்ஸ் வரைந்தது. 1980-இல் வந்த முதல் தொகுப்பிலிருந்தே உறையில் இருக்கிறது. 1984-இல் அது எகிப்து மன்னன், 1986-இல் பாதி இயந்திரம். உடையும் இடமும் மாறிக்கொண்டே இருக்கும், பல்லிளிப்பு மட்டும் மாறாது. எனவே ஒரு ரசிகர் அதைத் தன் கனவில் வரும் எந்த இடத்திலும் கொண்டுபோய் நிறுத்தலாம். ஜீன்ஸ் சட்டையின் முதுகில் கையால் வண்ணம் தீட்டி, சுற்றிலும் மற்றக் குழுக்களின் துணிச் சின்னங்களைத் தைத்துக்கொள்ளும் மெட்டல் (கனமான, உரத்த ராக் பாணி) ரசிகர்களின் சட்டையைப் பார்த்தால் தெரியும். எது நடுவில், எது ஓரத்தில் என்பதெல்லாம் யோசித்து வைத்தது. அது அவர்கள் எழுதாமல் எழுதிய சுயசரிதை.

கிரேட்ஃபுல் டெட் குழுவின் ரோஜாப்பூ சூடிய எலும்புக்கூட்டுக்குப் பின்னால் இன்னும் நீளமான வரிசை இருக்கிறது. ஸ்டான்லி மவுஸ், ஆல்டன் கெல்லி இருவரும் 1966-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு நிகழ்ச்சிக்குச் சுவரொட்டி செய்யும்போது, நூலகத்தில் கண்ட ஒரு பழைய சித்திரத்தை எடுத்துக்கொண்டார்கள். உமர் கய்யாமின் ருபாயியத் பதிப்பு ஒன்றுக்கு எட்மண்ட் சல்லிவன் வரைந்தது அது. சுவரொட்டியிலிருந்து ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். நிகழ்ச்சி நடக்கும் இடங்களின் வாகன நிறுத்தத்தில் கையால் சாயம் முக்கிய பனியன்கள், ஒட்டுப்படங்கள், நகைகள் என்று ஒரு சந்தையே கூடியது. ஊர் ஊராகக் குழுவின் பின்னால் போன ரசிகர்களில் பலருக்கு அடுத்த ஊருக்குப் போகும் செலவே அந்தச் சந்தையில்தான் கிடைத்தது.

ஜாய் டிவிஷனின் முதல் தொகுப்பு உறை இவை எல்லாவற்றையும் மிஞ்சும். கறுப்புப் பின்னணியில் மலைத்தொடர் மாதிரி அடுக்கிய வெள்ளைக் கோடுகள். உண்மையில் அது 1967-இல் கண்டுபிடிக்கப்பட்ட முதல் பல்சர் விண்மீனின் வானொலித் துடிப்புகள். ஹெரால்ட் கிராஃப்ட் என்ற ஆய்வு மாணவர் தன் 1970 ஆய்வேட்டுக்காக ஒன்றின் கீழ் ஒன்றாக அச்சிட்ட வரைபடம். அது ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் வந்தது. அங்கிருந்து பெர்னார்ட் சம்னர் கண்ணில் பட்டது. வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் அதைக் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பிப் போட்டு 1979-இல் உறையாக்கினார். அதன் பிறகு அது பனியனில், பச்சை குத்திய தோளில், தலையணையில், எங்கே இல்லை என்று தேட வேண்டும். ரசிகர்கள் தங்கள் குரலின் அலையை, தங்களுக்குப் பிடித்த மலையின் மேடுபள்ளத்தை அதே கோடுகளாக வரைந்தார்கள். 2017 வாக்கில் புள்ளிவிவரக்காரர்கள் தங்கள் தரவை இந்தப் பாணியில் அடுக்கி, அதற்கு ஜாய் பிளாட் என்றே பெயர் வைத்தார்கள். குழுவின் பெயருக்குப் பின்னால் நாஜி முகாம்களின் கொடூர வரலாறு இருப்பது உறுத்தவே, புள்ளிவிவரக்காரர்கள் அந்த வரைபடத்துக்குச் சீக்கிரத்திலேயே வேறு பெயர் வைத்துவிட்டார்கள். ஓர் அறிவியல் வரைபடம் ராக் இசை வழியாக ஊர் சுற்றிவிட்டு அறிவியலுக்கே திரும்பி வந்து சேர்ந்த கதை இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

காப்பியை விட்டு நகரவே விரும்பாத ரசிகர்களையும் சொல்ல வேண்டும். ஒரே குழுவின் பாட்டுகளை மட்டும் அச்சு அசலாக வாசிக்கும் டிரிப்யூட் குழுக்கள். இவர்களைக் கேலி செய்வது சுலபம், எனக்கு அதில் சம்மதம் இல்லை. 1997-இல் தொடங்கிய டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா, கிரேட்ஃபுல் டெட் ஏதோ ஒரு தேதியில் வாசித்த நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அதே வரிசையில் அதே பாட்டுகளை வாசிக்கும். ஆனால் டெட் இசையில் பாதி அந்த நேரத்துக் கற்பனை. அதை எப்படிக் காப்பி அடிப்பது? வரிசையைத்தான் எடுக்கலாம், நடுவில் சொந்தமாகக் கற்பனை செய்தே ஆக வேண்டும். காப்பியின் உச்சத்தில் போய் நின்றவர்களையும் மூலமே பிடித்து வெளியே தள்ளிவிடுகிறது.

சில பேர் நிழலிலிருந்து நேராக மூலத்துக்குள்ளேயே போய்விட்டார்கள். ஜூடாஸ் பிரீஸ்ட் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்த டிம் ஓவன்ஸ் 1996-இல் ஜூடாஸ் பிரீஸ்ட்டின் பாடகராகவே ஆனார். பழைய பாடகர் 2003-இல் திரும்பி வந்ததும் வெளியேற வேண்டியதாயிற்று. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஆர்னெல் பினேடா ஜர்னி என்ற குழுவின் பாட்டுகளைப் பாடிய யூடியூப் காணொளிகளை 2007-இல் அந்தக் குழுவின் கிட்டார்காரர் நீல் ஷான் பார்த்தார். பினேடா அந்தக் குழுவின் பாடகரானார். கனவு மாதிரி இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு இரவும் இன்னொருவருடைய குரலோடு ஒப்பிடப்படுவதற்கென்றே மேடை ஏறும் வாழ்க்கை அது. ஹுக்கின் வழியையும் இவர்கள் வழியையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு ஹுக்கின் வழிதான் நிம்மதியாகத் தெரிகிறது.

ரசிகர் கையில் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது குழுவின் மனத்தையும் பொறுத்தது. கிரேட்ஃபுல் டெட் 1984 அக்டோபரில், ஒலிப்பதிவு செய்ய வரும் ரசிகர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. காசுக்கு விற்காமல் மாற்றிக்கொள்ளலாம் என்பது புரிந்துணர்வு. நைன் இஞ்ச் நெய்ல்ஸ் 2005-இல் ஒரு பாட்டின் தனித்தனித் தடங்களையே கணினியில் பிரித்து வேலை செய்யும் வடிவத்தில் வெளியிட்டது. 2008-இல் 36 வாத்திய இசைத் துண்டுகள் கொண்ட தொகுப்பை, வியாபாரம் இல்லாமல் யாரும் மாற்றியமைக்கலாம் என்ற உரிமத்தோடு கொடுத்தது. ரேடியோஹெட் 2009-இல் பிராகில் வாசித்தபோது ரசிகர்கள் பல கோணங்களிலிருந்து தாங்களே படம் பிடித்துத் தொகுத்தார்கள். குழு தன் மேடை ஒலிப்பதிவைக் கொடுத்து உதவியது. அடுத்த வருடம் முழு நிகழ்ச்சியும் இலவசமாக வெளிவந்தது. தடங்கள் தனியாகக் கிடைப்பது, முன்பு காதால் பிரித்துப் பிரித்துக் கேட்டதைக் கையிலேயே கொடுப்பது மாதிரி. ஒரு குரலைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கேட்டால் மூச்சு வாங்குவது வரை கேட்கும். கடவுள்களாக நினைத்தவர்களுக்கும் மூச்சு வாங்கும் என்று தெரிவது நல்ல தைரியம்.

சட்டம் பற்றிக் கொஞ்சம். பாணியும் மனநிலையும் யாருடைய சொத்தும் அல்ல. மெட்டும் வரிகளும் பதிவும் உறை ஓவியமும் சொத்து. அமெரிக்காவில், ஏற்கெனவே வெளியான பாட்டை நீங்கள் மறுபடி பாடிப் பதிவு செய்ய, சட்டப்படியான கட்டணம் கட்டினால் போதும், எழுதியவரின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். மெட்டின் அடிப்படையை மாற்றக் கூடாது. அதையே காணொளியோடு சேர்ப்பதற்கும், குழுவின் சின்னம் போட்டுப் பனியன் விற்பதற்கும் தனியாக அனுமதி வேண்டும். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது, தெரியாமலே எடுத்துவிடுவதில்தான். 1970-இல் தனியாக வந்த ஜார்ஜ் ஹாரிசனின் முதல் பெரிய வெற்றிப் பாட்டு, 1963-இல் ஷிஃபான்ஸ் குழு பாடிய பாட்டின் மெட்டை எடுத்தது என்று வழக்கு வந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, ஆழ்மனத்தில் தங்கியிருந்தது வெளியே வந்திருக்கிறது, ஆனாலும் உரிமை மீறல்தான் என்று 1976-இல் நீதிபதி தீர்ப்பளித்தார். மெகுவினிடமிருந்து எடுத்ததைத் தானே சொல்லி அனுப்பிய அதே ஹாரிசன். தெரிந்து எடுத்தபோது நட்பு வந்தது, தெரியாமல் எடுத்தபோது வழக்கு வந்தது.

இசையையும் ஓவியத்தையும் பிரிக்கவே முடியாத ஒரு ரசிகரும் உண்டு. டேனியல் ஜான்ஸ்டன். அவருக்கு பீட்டில்ஸ்தான் எல்லாம். அவர்களைப் போல் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை. குரல் மெல்லியது, நடுங்கும். ஸ்டூடியோ கிடையாது. 1980-களின் தொடக்கத்தில் வீட்டிலிருந்த சாதாரண கேசட் பெட்டியில் தன் பாட்டுகளைத் தானே பதிந்தார். இயந்திரத்தின் இரைச்சல் பாட்டோடு சேர்ந்தே கேட்கும். உறைகளையும் தானே பேனாவால் வரைந்தார். கொம்பு மாதிரி கண்கள் நீண்ட தவளை ஒன்று, பக்கத்தில் "ஹாய், எப்படி இருக்கிறாய்" என்ற கேள்வி. டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்துத் தெருவில் எதிரே வருகிறவர்களிடம் கேசட்டுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1992-இல் கர்ட் கோபேன் அந்தத் தவளை போட்ட பனியனோடு எம்டிவி விருது விழாவுக்கு வந்தார். இரண்டு வருடத்தில் பெரிய நிறுவனம் ஒன்று ஜான்ஸ்டனின் தொகுப்பை வெளியிட்டது. ஆஸ்டினில் ஒரு சுவரில் அவர் 1993-இல் வரைந்த அந்தத் தவளை இன்னும் இருக்கிறது.

அந்த ஆரம்பக் காலத்தில் அவரிடம் கேசட்டைப் பிரதி எடுக்கும் வசதி இல்லை. யாராவது ஒரு கேசட் கேட்டால், உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் முதலிலிருந்து மறுபடி பாடி, புதிதாகப் பதிந்து கொடுப்பார்.